கிட்டாருக்குள் விட்டுப்போன வயர்

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் வாசிக்கிற எலக்ட்ரிக் கிட்டார் திடீரென்று ஊமையாகிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். தந்திகளின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பின் வயர் விட்டுப்போயிருந்தது.

"இந்த வயசுல ஏம்மா இந்த வேலை? கட்டுகஸ்தோட்டைக் கடையில குடுப்போம்" என்றாள் மகள்.

நான் வயரை ஒட்ட ஈயத்தைச் சூடாக்கினேன். குங்கிலியம் மணக்கும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் இருந்த ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு மனதால் போய்விட்டேன்.

அங்கே எங்கள் வாளி ஒழுகும். மலை ஊற்று வழியும் பீலியில் பிடித்த தண்ணீர் வீடு வருவதற்குள் பாதியாகிவிடும். ஒருநாள் அம்மா அடுப்பில் இரும்புக் கம்பியைப் பழுக்க வைத்து, ஓட்டையில் ஈயத்தை உருக்கினாள். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது. உடனே மாதா படத்துக்குப் புகை போடும் குங்கிலியத்தை எடுத்துப் பொடித்துத் தூவினாள்.

"சாமிக்கு வச்சத வாளிக்குப் போடுறியே, பாவமில்லையா?" என்று அப்பா சத்தம் போட்டார்.

"தண்ணிய சாமியா வந்து சுமக்கும்? தள்ளி உக்காருங்க."

குங்கிலியம் உருகி மணத்தது. ஈயம் பிடித்துக்கொண்டது.

இப்போது எனக்கோ வயர் இரண்டு தடவை நழுவியது. நுனியை நன்றாகச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன், பிடித்தது. தந்தியைத் தட்டியதும் ஸ்பீக்கர் அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாம்மா! பூசைக்கு முந்தியே ஊரக் கூட்டிருவீங்க போல."

சத்தத்தைக் குறைக்காமல் இன்னொரு தடவை தட்டினேன்.