வெயில் நாட்டுக்குப் புறப்பட்டவர்

“சூரியன் எங்க வம்சத்து ஆளு. கடைசிக் காலத்துல அவன் வீட்டுக்கே போய்க் குடியிருக்கப்போறேன். வேலையை மட்டும் விட்டுட்டா, அப்புறம் செத்தாலும் இந்தக் கோட்டுக்குள்ள கையை நுழைக்க மாட்டேன்.”

ரங்கூனின் இன்சீன் கடைத்தெரு டீக்கடையில், மாசி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், குழந்தைவேலு இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். கேட்டவர்கள் அவரையே வெறித்துப் பார்த்தார்கள். பிரகடனத்தின் கம்பீரம் அதற்குக் காரணமில்லை. அந்த நேரத்தில் கடையிலிருந்த அத்தனை பேரும் பனியனை நெஞ்சுவரை சுருட்டிவிட்டு, கையில் அகப்பட்ட அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு மட்டும் கோட்டை மடியில் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றி, இரண்டு கையாலும் டீக் கோப்பையைப் பொத்திப் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கருப்பையாதான் முதலில் சுதாரித்தார்.

“வேலண்ணே, இதைவிடச் சூடான நாடா? அங்க மனுசன் இருக்கானா, இல்ல அப்பளம் மட்டுந்தான் இருக்கா?”

குழந்தைவேலு அதற்குப் பதில் சொல்லித் தம் கௌரவத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி இரண்டு சத்தம் எழுப்பினார். ரங்கூனில் டீக்கடை ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். இன்னும் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ வந்தது.

உண்மையைச் சொன்னால், அவர் குளிர்ந்து போயிருந்ததில் பொய்யே கிடையாது. கெமண்டைன் ஆற்றங்கரையில் மீனையும் இறாலையும் உறையவைத்து, ஐஸும் விற்கிற கிடங்கு ஒன்று இருக்கிறது. மீசை அரும்பிய வயதில் அதற்குள் போனவர், மீசை நரைத்த பிறகும் வெளியே வரவில்லை. விடியுமுன் சுற்று ரயிலில் ஏறிப் போவார். இருட்டிய பிறகு அதே ரயிலில் திரும்புவார். நடுவில் உள்ள பகல் முழுவதும், மூச்சு புகையாக வரும் அறையில் மீன் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும்தான் உத்தியோகம். முதலாளி ஊ தெயின் ஹான் (‘ஊ’ என்றால் பர்மியத்தில் ‘ஐயா’) கொடுத்த, பஞ்சு அடைத்த நீலக் கோட்டு ஒன்று உண்டு. அதன் மேல் பொத்தான் எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகத்தான் குளிர் தம் நெஞ்சுக்குள் நுழைந்து நிரந்தரக் குடியுரிமை வாங்கிக்கொண்டது என்பது குழந்தைவேலுவின் கட்சி.

விடுமுறையே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் வெயில் காலத்தில் ஊரே ஐஸுக்கு அலையும்போது கிடங்கில் யாருக்கும் லீவு கொடுக்க மாட்டார்கள். தண்ணீர்த் திருவிழாவுக்கு நாடே நனைந்து கூத்தடிக்கிற நாட்களில்கூட இவர் உள்ளேதான். லீவு வருவது ஆடி, ஆவணியில், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது. ஆக, அவர் அறிந்த ரங்கூனில் இரண்டே பருவங்கள்: உள்ளே பனி, வெளியே மழை. முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சியாக வலித்துக்கொண்டே இருந்தன. செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது எலும்புவரை சூடேறிக் கிடந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

அந்த ஆசைக்கு வழி காட்டியது கைப்பேசி. வேலையை விட்டுவிட்டு வெயில் நாடு ஒன்றில் குடியேறிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அரைக்கால் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்து, குளிர் நாட்டில் உழைத்தவர்கள் வெயில் நாட்டில் இளைப்பாறுவதே முறை என்று வீடியோவில் விளக்கினார்கள். குழந்தைவேலு அதை நாலைந்து தடவை பார்த்தார். தாமும் ஒரு குளிர் நாட்டுக்காரர்தான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் எழவில்லை. நாடு கொஞ்சம் சிறியது, கதவு ஒன்றுதான், அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகம் பூராவும் தேடி அவர் தேர்ந்தெடுத்த ஊர் வேலூர். அங்கே சித்தப்பா மகன் தேவராஜ் இருந்தான். போனில் விஷயத்தைக் கேட்ட தேவராஜ் அரண்டுபோனான். மாடியில் ஓர் அறை காலியாக இருப்பது நிஜம்தான், ஆனால் அதற்கு மேலே மொட்டை மாடி, வெயில் நேராகத் தலையில் இறங்கும் என்று எச்சரித்தான். அந்த அறைதான் வேண்டும் என்றார் இவர். எதிர்ப்பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக் குழந்தைவேலு போனைத் தட்டிப் பார்த்தார்.

“அண்ணே, இருக்கேன். நாங்க இங்கேயிருந்து எங்க ஓடலாம்னு பாத்துக்கிட்டிருக்கோம். அதான் ஒண்ணும் ஓடல.”

மீதமிருந்தது மனைவி கனகாம்பாள். இங்கேதான் போர் மூளும் என்று அவர் எதிர்பார்த்தார். கனகாம்பாளுக்குத் தெருமுனையில் காலைத் தோசைக் கடை இருந்தது. பாதி இன்சீன் அவள் சட்னியை நக்கித்தான் வேலைக்குப் போகும். பக்கத்து மாவ்பி ஊரில் கட்டிக்கொடுத்த மகள் விஜயகுமாரி தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள்; மழைக்காலத்தில் பிரசவம். இதையெல்லாம் விட்டு அவள் கிளம்பமாட்டாள், அழுவாள், பட்டினி கிடப்பாள் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தயார் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். வெள்ளைக்காரத் தம்பதியையும் துணைக்குக் காட்டினார்.

கனகாம்பாள் வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள்.

“போலாங்க” என்றாள்.

குழந்தைவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தயார் செய்த பதில்கள் அத்தனையும் வீணாகிப்போயின.

“ஆனா சித்திரை முடியட்டும். விஜயாவுக்கு வளைகாப்புப் போட்டுட்டுக் கெளம்பலாம். நீங்க பங்குனியிலயே வேலைய விட்டுட்டு வீட்டுல கால நீட்டி உக்காருங்க. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு வெயில் காலம் நீங்க வீட்டுல இருந்ததில்லையே.”

இப்படி ஒரு பதிவிரதையா என்று அவர் கண் கலங்கினார். கோட்டை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, கொளுத்திவிடச் சொன்னார். சரி என்றவள், பங்குனியில் அவர் வேலையை விட்டதும் அதை வாங்கிக்கொண்டாள்.

பங்குனி பிறந்ததும் ராஜினாமா. ஊ தெயின் ஹான் திகைத்துப்போய், இந்தக் கிடங்குக் கதவின் குணம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பர்மியத்தில் புலம்பினார். பிறகு வழியனுப்புப் பரிசாக, சார்ஜ் போட்டுக்கொள்கிற மேசை விசிறி ஒன்றைக் கையில் கொடுத்தார். சூரிய வம்சத்தில் வந்தவனுக்கு விசிறியா என்று குழந்தைவேலு உள்ளுக்குள் புண்பட்டார். மரியாதைக்காக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் எறிந்தார்.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். காலை வெயிலில் படியில் உட்கார்ந்து முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார். மப்ளர் கழன்றது. டீக்கடையில் எல்லாரிடமும் வேலூரை வர்ணித்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், தூக்கத்திலிருந்து பதறி எழுந்தார். மூன்றாம் மாடி, மேலே தகரக் கூரை. கரண்டு போய் எத்தனை நேரமோ, அது வருகிற நேரம் மின்சார இலாகாவுக்கே தெரியாது. தலையணை நனைந்திருந்தது. சுவரில் கையை வைத்தவர் சுட்டுக்கொண்டு எடுத்தார். குழாயைத் திறந்தால் வெந்நீர். பக்கத்தில் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று முடிவுசெய்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். கீழே தெருவில் ஆட்கள் சாவகாசமாகக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏய், எங்கேயோ நெருப்பு” என்றார்.

கனகாம்பாள் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

“ஏப்ரலுங்க. வருசா வருசம் வரும்.”

குழந்தைவேலு அப்படியே சுவரில் சாய்ந்தார். சுட்டது, நிமிர்ந்துகொண்டார். பிறந்து வளர்ந்து தாத்தாவாகப்போகிற ஊரில் இப்படியொரு சங்கதி நடந்துகொண்டிருப்பதை ஒருவரும் தம்மிடம் சொல்லவில்லை என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அன்று சாயங்காலமே தேவராஜுக்குப் போன் போட்டு, அங்கே எப்படி என்று பொதுவாக விசாரித்தார்.

“இன்னும் ஆரம்பிக்கலண்ணே. கத்திரி மே மாசந்தான். அப்ப நீங்க வந்திருவீங்க, பாக்கலாம்” என்றான் தேவராஜ் ஆறுதலாக.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். வெளியே மட்டும் வீராப்பு குறையவில்லை. டீக்கடையில் வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, அருமையான வெயில், இன்னும் கொஞ்சம் அடிக்கலாம் என்றார். ஆனால் அவருடைய குட்டி ஸ்டூல் நாளுக்கு நாள் கடைக்காரரின் ஐஸ் பெட்டியை நோக்கி நகர்வதைக் கருப்பையா கவனித்து வந்தார். ஒருநாள் பெட்டிமேல் இவர் முழங்கையே ஊன்றியிருந்தது.

“என்ன வேலண்ணே, சூரியனும் நீங்களும் பேசிக்கிறதில்லையா?”

குழந்தைவேலு மேசையில் சும்மா வைத்திருக்கிற வெறும் தேயிலைத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, ஐஸ் பெட்டிமேல் ஆறவைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், வீட்டுக்குள் இருக்கமுடியாமல் காலையில் தெருமுனைக்குப் போனார். மனைவியின் கடையை வியாபாரம் நடக்கிற நேரத்தில் அவர் பார்த்ததே இல்லை. அவர் போகும்போது மாவு அரைபட்டிருக்கும், வரும்போது சட்டி கழுவியிருக்கும். இப்போது பார்த்தார். மேலே வெறும் பிளாஸ்டிக் தாள், அதைத் துளைத்துக்கொண்டு வெயில். கீழே தோசைக்கல். இரண்டுக்கும் நடுவில் கனகாம்பாள், கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் வரிவரியாக வழிய, ஒரு கையால் மாவைச் சுழற்றிக்கொண்டு, பர்மியத்தில் யாரையோ கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வருசா வருசமா இப்படி?” என்று கேட்டார்.

“பின்ன? நகந்து நில்லுங்க, ஆளுக்கு வழி விடுங்க.”

சூரியனுக்குச் சொந்தக்காரர் யார் என்பது குழந்தைவேலுவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பினார். பகலெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தார். இந்தப் பெண்ணை இதைவிடச் சூடான ஊருக்கு, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறைக்கு, பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவிடாமல் கூட்டிப்போக இருந்தார். அவளும் போலாங்க என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் பொழுது புலர்ந்ததும் பரணிலிருந்து விசிறிப் பெட்டியை இறக்கிப் பிரித்தார். கரண்டு வந்த நேரத்தில் சார்ஜ் போட்டார். அதைத் தெருமுனைக்குக் கொண்டுபோய், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக வைத்துச் சுழலவிட்டார். கனகாம்பாள் விசிறியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“கெமண்டைன் வரைக்கும் போயிட்டு வரேன். கம்பெனியில ஒரு கையெழுத்து பாக்கின்னு நெனைக்கிறேன்.”

“போயிட்டு வாங்க” என்றவள், குனிந்து மேசைக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள். “சோறு கட்டியிருக்கேன்.”

கையெழுத்துப் போட எதற்குச் சோறு என்று அவர் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு பையில் அந்துருண்டை மணத்தது. அடுக்குச் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் நீலக் கோட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. மேல் பொத்தான் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று தைத்திருந்தது. நூல் இன்று நேற்றுப் போட்டதாகத் தெரியவில்லை. மடிப்போடு மடிப்பாக அழுந்திப் படிந்திருந்தது. இதைக் கொளுத்தச் சொல்லி அவர் கொடுத்தது பங்குனியில்; வாங்கிய கையோடு தைத்து வைத்திருக்கிறாள். எதிர் இருக்கைக்காரர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஆகவில்லையா என்று பர்மியத்தில் கேட்டார்.

கிடங்கு வாசலில் ஊ தெயின் ஹான் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“ஊ வேலு, வேலூர் என்னாச்சு?”

“மழை வரட்டும், பாக்கலாம்” என்றார் குழந்தைவேலு.

பையைத் திறந்து கோட்டை எடுத்தார். வலது கையை நுழைத்தார், பிறகு இடது கையை. வாசலில் ஐஸ் வாங்க நின்றிருந்தவர்கள், அந்த வெயிலில் ஒரு மனிதர் பஞ்சுக் கோட்டு மாட்டுவதை வாய் பிளந்து பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மேல் பொத்தானை மாட்டிக்கொண்டு, கதவைப் பழகின இடத்தில் ஒரு தட்டுத் தட்டித் திறந்து உள்ளே போனார்.