துவக்குக்கு இரண்டாவது கையெழுத்து

என்னிடம் மூன்று துவக்குகள் இருக்கின்றன. மூன்றும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து இராணுவத் துப்பாக்கிகள். மூன்றுக்கும் என்னைவிட வயது அதிகம். மூட்டுகள் மட்டும் என்னுடையவற்றைவிட நன்றாக அசைகின்றன. 'இருக்கின்றன' என்று எழுதியது பழக்கதோஷம். இப்போது அவை என்னிடம் இல்லை.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் காசு கொடுத்துத் துவக்கு வாங்குவதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். துவக்குக்குப் பயந்துதானே இந்தக் குளிர்நாட்டுக்கு ஓடி வந்தோம். என் பக்கத்து நியாயம் சிறியது. ஊரில் துவக்கு எதிரே வந்தால் நிலத்தைப் பார்க்க வேண்டும். துவக்கு வைத்திருந்தவர்களின் சப்பாத்துகளைப் பற்றி என்னால் ஒரு நீண்ட கட்டுரையே எழுத முடியும். துவக்கை முகம் நிமிர்த்தி முழுதாகப் பார்த்தது நாற்பத்தைந்தாவது வயதில், ஐஸ் ஹொக்கி அரங்கு ஒன்றில் நடந்த பழைய ஆயுதச் சந்தையில். மேசை விரிப்பில் படுத்திருந்தது. சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றி, விலைச்சீட்டைக் கட்டியிருந்தார்கள். இதே நகரத்தின் மேற்கே, லோங் பிராஞ்சில் செய்ததற்கான முத்திரை இரும்பில் இருந்தது.

"தொட்டுப் பார், கடிக்காது" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்.

தொட்டேன். எட்டு வருடங்களில் அவரிடம் மூன்று வாங்கினேன். சுடுவதில்லை. என்னுடைய பொழுதுபோக்கு, உள்ளதைச் சொன்னால், துடைப்பதுதான்.

போன வருடம் மனைவியும் நானும் பிரிந்தோம். ரூஜ் பகுதியில் இருந்த வீடு அவருக்கு. புத்தகங்களும் துவக்குகளும் எனக்கு. முப்பது வருடங்களுக்கு முன்பு பார்க்டேலில் ஒரு அறைக்குள் ஏழு பேர் படுத்தோம். இப்போது அதே தெருவில் ஒரு அப்பார்ட்மென்ட் முழுவதிலும் நான் ஒருவனே படுக்கிறேன். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

துவக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் ரூஜ் வீட்டுக்கே போயின. முகவரியை மாற்றினால் பிரிந்தது உறுதியாகிவிடும் என்று நான் மாற்றாமல் இருந்தேன். பிரிவு அதைக் கணக்கெடுக்கவில்லை, லைசென்ஸும் கணக்கெடுக்கவில்லை. காலாவதியாகிவிட்டது. லைசென்ஸ் இல்லாதவன் வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது. கிழவர் தான் வசிக்கும் ஓஷாவாவிலிருந்து வான் வண்டி ஓட்டிவந்து, மூன்றையும் பூட்டிய பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். இரும்பு அலுமாரி மட்டும் மிஞ்சியது. அதற்குள் என் குளிர்க்கோட்டைத் தொங்கவிட்டேன்.

திரும்பப் பெறுவதற்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த இரண்டு வருடங்களில் பிரிவு, வேலையிழப்பு ஏதாவது உண்டா? உண்டென்றால் விபரம் தருக. விபரத்துக்கு நாலு விரல் அகலத்தில் ஒரு பெட்டி. இருபத்திரண்டு வருடக் கலியாணத்தை அதற்குள் எப்படி அடக்குவது என்று பயந்தேன். ஒரு வரியில் முடிந்துவிட்டது, இடமும் மிஞ்சியது.

பிரிந்த மனைவியும் கையொப்பமிட வேண்டும். தபாலில் அனுப்பினேன். நாலு நாளில் திரும்பி வந்தது. நான் கேட்ட எதையும் அவர் இவ்வளவு விரைவாகச் செய்ததில்லை. கூடவே ஒரு துண்டுத் தாள்: "உங்களால ஒருத்தருக்கும் ஆபத்தில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

மிச்சம் இரண்டு கையெழுத்துகள். என்னை மூன்று வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த இரண்டு பேர். கிழவர் உடனே ஒப்புக்கொண்டார். எட்டு வருடம் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, என் பெயர் என்ன என்று கேட்டார்.

இரண்டாவது ஆளாக அண்ணை ஒருவரை நினைத்திருந்தேன். கூடப்பிறந்தவர் அல்ல, இங்கே வந்த புதிதில் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலின் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"என்ன பேப்பர் உது?"

"துவக்கு லைசென்ஸ் அண்ணை. என்னைத் தெரியும் எண்டு ஒரு கையெழுத்து."

அவர் தாளைத் தொடவில்லை. "உமக்கென்ன விசரே? இந்த வயசில மனிசர் கொலஸ்ட்ரோல் சேர்ப்பினம். நீர் துவக்குச் சேர்க்கிறீர்."

"மியூசியம் சாமான் மாதிரித்தான் அண்ணை."

"ஐசே, பாஸ்போட்டுக்குக் கேளும், பத்துத் தரம் போடுறன். துவக்கெண்ட சொல்லு இருக்கிற பேப்பரில என்ர பேர் வராது. ஊரில என்ர தமையன்ர பேர் ஒரு லிஸ்டில கிடந்தது. ஆர் எழுதினது, ஏன் எழுதினது எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. ஆளும் இல்லை."

தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவர் அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தந்தார். காருக்குள் இருந்து சாப்பிட்டேன்.

வேறு யார்? கைப்பேசியிலுள்ள பெயர்களில் பாதி மனைவியின் சொந்தம். மீதியில் பாதி வீடு விற்கும் ஏஜென்டுகள். கலியாண மண்டபங்களில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு என் வாகனத்தைத் தெரியும்.

இதற்கிடையில் ஞாயிறுதோறும் ஓஷாவாவுக்குப் போகத் தொடங்கினேன். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்றால் நான் துவக்கைத் தொடலாம். சட்டம் அவ்வளவுக்கு இரக்கமுள்ளது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், பிரிந்த தகப்பன்மாரைப்போலக் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரும் முறை எனக்குப் புதிது. கிழவரின் கராஜில் ஒரு மின்சார ஹீட்டர், இரண்டு மடக்குக் கதிரைகள். அவர் தன்னுடையதைத் துடைப்பார், நான் என்னுடையதை. "மழை வரும்போல" என்பார். நான் "ஓம்" என்பேன். அந்தச் சொல் அவருக்குப் பழகிவிட்டது. தேநீர் தருவார், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு அதைவிடக் கொஞ்சம் நிறம் இருக்கும். நான் மட்டன் ரோல் கொண்டுபோவேன். உறைப்பில் கண்ணீர் வழிய இரண்டு சாப்பிடுவார்.

ஒரு ஞாயிறு தடிமனும் தும்மலும், போகவில்லை. திங்கள் காலையே கிழவரிடமிருந்து தொலைபேசி.

"உன்னுடைய துவக்கு ஒன்றின் மரப்பகுதி உலர்ந்துபோயிருக்கிறது. எண்ணெய் பூச வேண்டும்."

எண்ணெய்ப் போத்தல் அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கும்.

அடுத்த மாதம் அண்ணை தொலைபேசி எடுத்தார். "யோசிச்சுப் பாத்தன். மனிசியும் ஏசிறா. பேப்பரைக் கொண்டு வாரும், போடுறன்."

"அவசரமில்லை அண்ணை."

"பின்ன ஏன் அண்டைக்குப் பிள்ளையாரையும் மறிச்சுக்கொண்டு நிண்டீர்?"

"வாற கிழமை வாறன்."

இது நடந்து ஏழு கிழமைகள். கையெழுத்து விழுந்தால் லைசென்ஸ் வரும். லைசென்ஸ் வந்தால் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ஓஷாவாவுக்குப் போக எனக்கு ஒரு சாக்கும் சாட்டும் இராது. கூப்பிட அவருக்கும் இராது. சாட்டில்லாமல் ஒரு மனிதனைப் பார்க்கப் போவது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தமையனின் நினைவையும் மீறி அண்ணை எடுத்த முடிவை நான் இப்படி இழுத்தடிப்பது சரியில்லை. அதுவும் தெரிகிறது.

நேற்றும் அண்ணை எடுத்தார். "மனம் மாற முந்தி வாரும்" என்றார்.

ஞாயிறு கழியட்டும் என்றேன்.