அக்கா வீட்டு மஞ்சள் ஒயர்

கூடத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தம்பியான டிவிக்காரர் வந்து சுவரிலிருந்து டிவியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஈரத்துணியும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். நான்கு வருடத் தூசி பின்னால் மெத்தை மாதிரி அப்பியிருக்கும், கழற்றியதும் முதலில் நான்தான் துடைப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டாள். அத்தான் பிரஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"ஊருக்கெல்லாம் டிவி மாட்டுறவன், அக்கா வீட்டு டிவிக்குப் பின்னாடி ஒரு நாளாவது எட்டிப் பாத்திருப்பியா?" என்றாள்.

"பின்னாடி என்னக்கா இருக்கு? படம் முன்னாடிதானே தெரியுது."

கடைசித் திருகையும் கழற்றி, டிவியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கி, முதுகு தெரியும்படி மேஜைமேல் நிறுத்தினார். அப்போதுதான் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகிற ஒயர் கண்ணில் பட்டது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை வைத்த பழைய ஒயர்.

அக்கா துணியோடு குனிந்து, "தள்ளு" என்றாள். அவர் தள்ளவில்லை.

டிவி விற்பது கடையில் மற்றவர்களின் வேலை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி, ஒயர் கொடுத்து, படம் வரவழைத்துத் தருவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். அவர் கண் அந்த வட்டாரத்தில் பெயர்போனது. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே ஓடுகிற டிவியைப் பார்த்து இது நிஜமான எச்டியா, பேருக்கு எச்டியா என்று சொல்லிவிடுவார். செய்தி வாசிக்கிறவரின் தலைமுடியைப் பார்க்கச் சொல்வார். இழை இழையாகத் தெரிய வேண்டும். தார் பூசின மாதிரி மொத்தையாகத் தெரிந்தால் எச்டி இல்லை. கீழே ஓடுகிற எழுத்தின் ஓரத்தைப் பார்க்கச் சொல்வார். பிளேடால் வெட்டின மாதிரி இருக்கிறதா, ஈரத்தாளில் எழுதின மாதிரி ஊறிப்போயிருக்கிறதா? முகமெல்லாம் பூசணிக்காயாக அகன்றிருந்தால், சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்கி ஒப்பேற்றுகிறது என்று அர்த்தம். ஒரே சேனல் சாதாரணமாக ஒரு நம்பரிலும் எச்டியாக வேறு நம்பரிலும் வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதை மாற்றிக் காட்டுவார். எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைசியில் டிவியின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் தடவுவார்.

அங்கேதான் திருடன் இருப்பான். மஞ்சள் ஒயரில் எச்டி வராது. டிவி அட்டைப்பெட்டியில் எச்டி என்று போட்டிருக்கும், பாக்ஸில் போட்டிருக்கும், திரையின் மூலையில்கூடச் சேனல் பெயரோடு எச்டி என்று மின்னிக்கொண்டிருக்கும். நடுவில் இந்த ஒயர் இருந்தால் அத்தனையும் பொய்.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எச்டிஎம்ஐ ஒயரைச் செருகியதும் வழக்கமாக ஒன்று சொல்வார். "இனிமே இதுல தெரியலன்னா டிவிய குறை சொல்லாதீங்க, கண் டாக்டரப் பாருங்க." எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள். டீ கிடைக்கும்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து, டிவிக்காரருக்குச் சொந்தக்காரர் வீட்டு டிவியைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்காது. அக்கா வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊர் வம்பை அளந்துவிட்டுப் போவார். கூடத்தில் அத்தான் டிவி முன்னால் இருப்பார். "என்னத்தான்." "வா மாப்ள." அதோடு சரி.

நான்கு வருடத்துக்கு முன் இந்த வீட்டுப் பழைய பெட்டி டிவி புகைந்துபோனபோது, அவரே கடையிலிருந்து நாற்பத்துமூன்று இஞ்ச் டிவியைக் கொண்டுவந்து மாட்டினார். பையிலிருந்த ஒரே எச்டிஎம்ஐ ஒயரை மத்தியானம் வேறு வீட்டில் போட்டுவிட்டிருந்தார். இன்னும் ஒரு வீடு பாக்கி, மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. பழைய டிவியோடு கிடந்த மூன்று தலை ஒயரை எடுத்துச் செருகினார். நாளைக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். படம் வந்ததும் வாய் தன்னாலே அந்த வேடிக்கையைச் சொன்னது. அத்தானும் சிரித்தார். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள் மறந்தே போனார்.

இப்போது பையில் நான்கு ஒயர் இருந்தது. ஒன்றை எடுத்துச் செருகி, ரிமோட்டில் மாற்ற வேண்டியதை மாற்றி, டிவியை முன்பக்கமாகத் திருப்பி வைத்தார். கழற்றத்தானே கூப்பிட்டேன், எதற்கு மாட்டுகிறாய் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். செய்தி வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"என்னடா இது, தொடச்சு வச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு. நான் இன்னும் தொடைக்கவே இல்லையே."

ஒயர் விஷயத்தை அவர் இரண்டு வரியில் சொன்னார். முதலில் அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு வருஷம் கலங்கல் தண்ணியையா குடிச்சோம் என்று சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டி போட்ட எனக்கு என்ன தெரியும், எல்லாமே எனக்கு அப்படித்தான் தெரியும் என்றாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

அத்தான் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். சொந்த வேன். அதில் ஏறின பிள்ளைகளுக்கெல்லாம் அவர் வேன் மாமா. எந்த வளைவில் எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எது அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு ஏறியிருக்கிறது, எது இறங்குகிற இடத்தில் தூங்கிப்போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபின் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். மூன்று வருடத்துக்கு முன், பள்ளி விடுமுறைக்கு மூடின நேரத்தில், வேனை விற்றுவிட்டேன் என்று திடீரென்று சொன்னார். ஏன் என்று கேட்டால், போதும், ஆசை தீர ஓட்டியாச்சு என்றார்.

குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. சோம்பல் என்று முடிவு கட்டினார்கள். அதில் முதல் ஆள் டிவிக்காரர்தான். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாளில், "அத்தானுக்குப் பெரிய டிவி கொண்டாந்து குடுத்தது என் தப்பு. வேன் சீட்டுல இருந்து எழுந்தவரு சோபாவுல உக்காந்துட்டாரு" என்று சொல்லிச் சபையையே சிரிக்க வைத்தார். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு அக்கா மட்டும் சிரிக்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது டிவிக்காரருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று அத்தான் கட்டிப்போட்டிருந்ததை அக்கா இன்றைக்கு அவிழ்த்தாள். பழைய பெட்டி டிவியில், கீழே ஓடுகிற எழுத்தை அவர் வாசற்படியில் நின்றே படித்துவிடுவாராம். இந்தப் பெரிய டிவி வந்தபின் கிட்டே போய் நின்றாலும் மூன்றா எட்டா என்று தெரியவில்லையாம். சின்ன டிவியில் தெரிந்தது பெரிய டிவியில் தெரியவில்லை என்றால் கோளாறு வேறு எதில் இருக்கும்? தினமும் சாயங்காலம் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுப் பார்ப்பாராம். அப்படியே இழுத்து இழுத்து, ஒரு நாள் முழங்கால் டிவி மேஜையில் இடித்ததாம்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று டிவிக்காரர் கேட்டார். போனால் கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் பார்க்க இறக்கிவிடுவார்கள். அதற்கு முன் நானே இறங்கிக்கொள்கிறேன் என்றாராம். அப்படியும் மனசு வராமல் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மழை நாளில், ஏறும் இடத்தில் பிள்ளை நிற்கிறது என்று வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால், அங்கே இருந்தது யாரோ கல்மேல் வைத்துவிட்டுப் போன ஒரு பை. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "பைய பிள்ளைன்னு நினைச்சா பரவாயில்ல, நாளைக்குப் பிள்ளைய பைன்னு நினைச்சுட்டா?" என்று கேட்டாராம். அந்த வாரமே வேனை வாங்க ஆள் பார்த்துவிட்டார்.

"அதுக்கு முன்னாடி உன்கிட்டயும் ஒரு தடவை ஃபோன்ல கேட்டாரு" என்றாள் அக்கா. குற்றமாகச் சொல்லவில்லை, வரிசையில் விட்டுப்போனதைச் சேர்க்கிற மாதிரி சொன்னாள்.

டிவிக்காரருக்கு அது ஞாபகம் இருந்தது. யாரோ வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் டிரில். படம் கொஞ்சம் கலங்கலாக இருக்கிற மாதிரி இருக்கிறது, உன் டிவியில் ஏதாவது இருக்குமா என்று அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அது ஃபுல் எச்டி அத்தான். கண்ணைக் காட்டுங்க" என்று இவர் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தப் பக்கம் அத்தான், சரி மாப்ள, வேலையப் பாரு என்று வைத்துவிட்டார். ஒரு நடை வந்து பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. யார் யாரோ ஒரு ஃபோன் போட்டால் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் வந்திருக்கிறார்.

"அவர்கிட்ட சொல்லாத" என்றாள் அக்கா. "பழைய ஒயரையே மாட்டிடு."

"எப்படிக்கா?"

"கண்ணு போச்சு, அதான் விட்டோம்னு ஒரு வழியா மனச தேத்திக்கிட்டாரு. இப்பவும் காலைல வேன் ஹாரன் கேட்டா பின்பக்கம் போய் குழாயத் திறந்து விட்டுக்கிறாரு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, எதச் சொல்லித் தேத்திக்குவாரு?"

மஞ்சள் தலை ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. டிவிக்காரர் குனிந்து எடுத்தார். மாட்டினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும். அத்தானுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே தனக்கும் நல்லது செய்துகொள்ளலாம். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே வெளிக்கதவு திறந்தது.

அத்தான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றப் போனவர், ஒரு காலில் செருப்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். திரையின் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"மேம்பாலப் பணி காரணமாக... இருபத்துமூன்றாம் தேதி முதல்... கனரக வாகனங்கள்..." என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தார். அது ஓடி மறைந்ததும் அடுத்ததைப் படித்தார். பிறகு மூலையில் இருந்த நேரத்தைப் படித்தார்.

"என்ன மாப்ள பண்ண?"

"ஏதோ செட்டிங்காம், மாத்தினான்" என்று அக்கா முந்திக்கொண்டாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும்.

டிவிக்காரர் தலையை ஆட்டவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மத்தியானம் வேறு வீட்டில் போட்ட ஒயர், நாளைக்கு என்று விட்டது, மறந்தது, ஏணிமேல் நின்று பேசினது, சபையில் சிரிக்க வைத்தது வரைக்கும். சுருக்கமாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தார், நீண்டுவிட்டது. நடுவில் அக்கா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். படத்தை அணைக்கவில்லை.

அத்தான் சோபாவில் உட்கார்ந்து கேட்டார். பிரஷ் பொட்டலம் மடியில் இருந்தது. எல்லாம் முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அவ்வளவு மழை. கல்லு மேல பை. அது யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் தெரிஞ்சிருக்குமோ?"

"யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் அத்தான். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்."

"ம்" என்றார் அத்தான். பதிலில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். இப்போது அந்த வழியில் ஓட்டுகிற பையன் பொறுப்பானவன் என்றார். அன்றைக்கு ஏறின பிள்ளைகளில் பாதி இப்போது மேல் வகுப்புக்குப் போயிருக்கும், பஸ்ஸில் போகும் என்றார். இதையெல்லாம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அங்கே யாரோ ஒருத்தர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தாடியில் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"நாளைக்கே கண்ணைக் காட்டிட்டு வருவோம் அத்தான். நான் லீவு போடறேன்" என்றார் டிவிக்காரர். "லைசென்ஸ் இன்னும் இருக்குல்ல? பள்ளிக்கூடத்துல நானே வந்து பேசறேன். என் தப்புன்னு சொல்றேன்."

அத்தான் பொட்டலத்தைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தார். ஒரு காலில் செருப்பு இன்னும் இருப்பதை அப்போதுதான் கவனித்து, வாசலுக்குப் போய்க் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு வந்தார்.

"அத்தான், ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்" என்றார் டிவிக்காரர்.

தரையில் பரவிக் கிடந்த பையையும் திருகுகளையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அத்தான் உள் அறைக்குப் போனார்.