படிவத்தில் ஒரு டன்

டீசல் பிக்கப் வண்டிகளை இருபத்தாறு வருஷம் விற்றவர் அவர். ஷோரூமில் எல்லோரும் பேச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா பார்க்க வந்தவரையும் டீ குடிக்க உட்காரவைத்து, சாவியைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிற வாய். வீட்டில் மட்டும் அந்த வாய் செல்லாது. மனைவி முன்னால் கப்சிப்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மின்சார பிக்கப் கொண்டுவர நினைத்தது. வண்டிக்காரர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிவரச் சொன்னது. இருநூறு படிவம். பேச்சுக்காரர் மார்க்கெட், கிடங்கு என்று நாயாக அலைந்தார். ஒரு நடைக்கு எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று ஒரு கேள்வி. எல்லோரும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு டன் என்றார்கள். சட்டப்படி அனுமதி அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றுகிறேன் என்று கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் எவன் சொல்வான்? ஒரு டன் ஏற்றினால் கட்டுப்படியாகாது, ஊரே இரண்டு டன் அடுக்குகிறது என்பது பேச்சுக்காரருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், நமக்கெதற்கு வம்பு என்று ஒரு டன் என்றே எழுதினார்.

அதை நம்பி கம்பெனி ஒரு டன்னுக்கு அளவாக வண்டி செய்தது. அழகான வண்டி, குறை சொல்லக்கூடாது. காலியாக ஓட்டிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அசந்துபோய் வீட்டுக்குப் போனார்களே தவிர, ஒருவரும் வாங்கவில்லை. கணக்குக்கு ஒன்றாவது விற்க வேண்டுமே என்று பேச்சுக்காரர் தங்கை புருஷன் தலையில் கட்டினார். மாப்பிள்ளை சிமெண்ட் ஏற்றுகிறவர்; படிவம் கொடுத்த இருநூறு பேரில் அவரும் ஒருவர். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ஓடிக்கொண்டிருந்த டீசல் வண்டியை விற்றுவிட்டு இதை வாங்கினார்.

நாற்பது மூட்டை, அதாவது இரண்டு டன், ஏறியதும் வண்டி பாதித் தூரத்திலேயே திணறியது. நடுவழியில் சார்ஜ் போடவும் இடம் கிடையாது. வாங்கிய எட்டாவது மாதம், பாலத்து ஏற்றத்தில் நின்றது நின்றதுதான். பேட்டரி போயே போய்விட்டது. வாரண்டியில் புதிது கிடைத்தால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க ஷோரூமுக்கு வந்தார். வண்டிக்குள் இருந்த கருவி ஒவ்வொரு நடையின் எடையையும் குறித்துவைத்திருந்தது. எல்லாம் இரண்டு டன். அதிகாரி அந்தக் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில், பேச்சுக்காரர் கையால் ஒரு டன் என்று எழுதிய மாப்பிள்ளையின் படிவத்தையும் வைத்தார். மாப்பிள்ளை ஓரமாக நின்றார்.

“இவர் ரெண்டு டன் ஏத்துவார்னு தெரிஞ்சே வித்தீங்களா? அப்படின்னா தப்பு நம்மளோடது, பேட்டரி குடுத்துடலாம். ஆனா உங்களை வேலையில வச்சுக்க முடியாது. தெரியாதுன்னா, அதிக எடை ஏத்தினது இவர் தப்பு, வாரண்டி கிடையாது” என்றார் அதிகாரி.

பேச்சுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் எவன் வேலை தருவான்? சே, இந்த நேரத்திலும் இதையா யோசிக்கிறேன் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“அவருக்குத் தெரியாது சார். நான்தான் மறைச்சுட்டேன்.”

அப்படியா என்பதுபோல் அதிகாரி பார்த்தார். ஆமாம் என்று பேச்சுக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

விற்காத வண்டிகள் வரிசையாக நின்ற வாசலுக்கு இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளைதான் பேசினார்.

“உங்க தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன் மச்சான். இங்க வண்டி கழுவ ஆள் எடுத்தா மட்டும் என்னை ஞாபகம் வச்சுக்கோங்க.”