ஹப்போவின் வண்டியில் நான்கு வாரம்

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் ஒரு பிளம்பரிடம் போய், "உன் அப்ரண்டிஸை ஒரு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பு" என்று கேட்பதும், கறக்கிற மாட்டை இரவல் கேட்பதும் ஒன்றுதான். இன்சா ஹார்ம்ஸ் இருபது வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கைத்தொழில் சங்கத்தில் அவளுக்கென்று ஒரு மேசை உண்டு. அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவாள். மூன்று கோப்பைத் தேநீர் உள்ளே போகாமல் இங்கே யாரும் காரியம் பேசமாட்டார்கள் என்பதால், சாயங்காலம் வீடு திரும்பும்போது வயிறு குளமாகத் தளும்பும். தச்சுப் பிள்ளைகளை நார்வேக்கும், ரொட்டி சுடும் பிள்ளைகளை இத்தாலிக்கும் அனுப்பியிருக்கிறாள். தங்க அறை, வேலை கற்றுத்தர யோக்கியமான ஒரு முதலாளி, காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு ஆள், எல்லாம் அவள் தலையில். போகும்போது தரையைப் பார்த்துப் பேசிய பிள்ளை, திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்துப் பேசும். அதற்காகத்தான் இவ்வளவு தேநீரும்.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. போன பிள்ளையிடம் "அங்கேயே இரு" என்றும் சொல்லமாட்டாள், "திரும்பி வா" என்றும் சொல்லமாட்டாள். பிள்ளைகள் நம்பிச் சொன்னதை முதலாளி காதில் போடவும் மாட்டாள். கொள்கையெல்லாம் நல்ல கொள்கைதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால்தான் ஹப்போ ரேன்ட்ஸிடம் மாட்டினாள். ஹப்போ அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். கால்வாய்க் கரைக் கிராமம் ஒன்றில் குழாயும் பாய்லரும் பழுது பார்க்கிறவன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. முன்பு அவனிடம் வில்கோ என்ற பையன் தொழில் பழகினான். இன்சா அவனை அயர்லாந்துக்கு அனுப்பினாள். போனவன் போனவன்தான், அங்கேயே கல்யாணமும் முடித்துவிட்டான். அன்றிலிருந்து இன்சாவின் தலையைக் கண்டாலே ஹப்போ, "பிள்ளை பிடிக்கிறவ வந்துட்டா, கதவைச் சாத்து" என்பான்.

இப்போது அவனிடம் இருப்பது டோம்கே என்ற பத்தொன்பது வயதுப் பெண். நல்ல கை. அவளுக்கு வெளியே போய்ப் பார்க்க ஆசை. போர்ச்சுக்கலில், போர்த்தோ நகரத்தில், அபீலியு என்பவருடைய பட்டறையில் இன்சா இடம் பிடித்துவிட்டாள். அந்த மனிதர் இளமையில் ஜெர்மனியில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர், ஓரளவு இந்த ஊர் பேச்சு தெரியும். ஹப்போ சரியென்றால் போதும். ஹப்போவோ அசைவதாக இல்லை.

"அவ போயிட்டா டூல்ஸ் பெட்டியை யாரு தூக்குவா? நீயா?" என்று கேட்டான்.

"ஆமா, நானே தூக்குறேன். போதுமா?"

ஹப்போ உடனே கையை நீட்டினான். மாடு விற்பது முதல் நிலம் விற்பது வரை கைகுலுக்கலில் முடிகிற ஊர் இது. கை கொடுத்தபின் பேச்சு மாறுகிறவனுக்கு யாரும் ஒரு நாய்க்குட்டி கூட விற்கமாட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? இன்சா கையைக் கொடுத்தாள். டோம்கே விமானம் ஏறினாள். இன்சா சேர்த்து வைத்திருந்த விடுமுறையை எடுத்து, கணவனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, காலையில் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

பெட்டியென்றால் சாதாரணப் பெட்டியா அது, கன்றுக்குட்டிக் கனம். ஸ்பேனர் கேட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். ஹப்போ தலையில் அடித்துக்கொண்டான். ஒரு வீட்டுக் குளியலறையில் குழாயைத் தப்பான பக்கம் திருப்பி, வீட்டுக்காரம்மாளையும் சேர்த்துக் குளிப்பாட்டினாள். அந்த அம்மாள் நல்லவள், துடைத்துக்கொண்டே தேநீர் வைத்தாள்.

ஆனால் இன்சா எதிர்பாராதது ஒன்று இருந்தது. எந்த வீட்டுக்குள் போனாலும் "மோயின்" என்று ஒரு வணக்கம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஹப்போ, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மடை திறந்தாற்போல் பேசினான். பக்கத்து வீட்டு வாத்து தபால்காரரைத் துரத்தியது, எந்த வீட்டு பாய்லருக்கு என்ன வியாதி, மனைவி சுட்ட கேக் எப்படிக் கல்லாய்ப் போனது என்று ஓயாத பேச்சு. ஒருநாள் இன்சா கேட்டேவிட்டாள், இத்தனை பேச்சையும் எங்கே வைத்திருந்தாய் என்று.

"வண்டியிலதான் பேச முடியுது. வீட்டுல யார்கிட்ட பேசுறது, கெட்டில்கிட்டயா?" என்றான்.

இன்சாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இவனைக் கருமி, அடுத்தவர் முன்னேறப் பொறுக்காதவன் என்று எத்தனை பேரிடம் திட்டியிருப்பாள். பெட்டி தூக்க ஆளில்லையே என்பதல்ல அவன் கவலை. வில்கோ போனபோது போனது பக்கத்து இருக்கை. அடுத்து டோம்கேயும் போய்விட்டால்?

மூன்றாவது வாரம், வண்டியில் போகும்போதே டோம்கேயிடமிருந்து செய்தி வந்தது. தொழில் பரீட்சை முடிந்ததும் போர்த்தோவுக்கே வேலைக்கு வரச்சொல்லி அபீலியு கேட்டிருக்கிறார், எனக்கும் ஆசை, மாஸ்டரிடம் நானே நேரில் சொல்கிறேன், நீங்கள் மூச்சு விடாதீர்கள்.

"நம்ம பொண்ணா? என்ன சொல்றா?" என்றான் ஹப்போ.

"மீன் நல்லா இருக்காம்" என்றாள் இன்சா.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் பெண்ணுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் துரோகம். அந்தப் பதற்றத்தில் ஸ்பேனரைக்கூடச் சரியாக எடுத்துக் கொடுத்தாள். உடம்புக்கு என்ன என்று ஹப்போ விசாரித்தான்.

டோம்கே வந்த நாளில் இருவரும் ரயிலடிக்குப் போனார்கள். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வெயிலில் கறுத்திருந்த பெண் கடலைப் பற்றியும் வறுத்த மத்தி மீனைப் பற்றியும் பேசித் தீர்த்தாள். கால்வாய்ப் பாலத்துக்கு வந்தபோது படகுக்காக அதைத் தூக்கியிருந்தார்கள். ஹப்போ எஞ்சினை அணைத்தான். அந்த அமைதியில் டோம்கேக்குத் தைரியம் வந்தது.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். பரீட்சை முடிஞ்சதும் அங்கேயே வேலைக்கு வரச் சொல்றாங்க. எனக்குப் போகணும்."

இன்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும்" என்றான் ஹப்போ. "உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளு எனக்கு போன் பண்ணிட்டான். முறை தெரிஞ்ச மனுஷன்."

"அப்போ நான் மீன்னு சொன்னப்பவே?" என்றாள் இன்சா.

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். பள்ளிக்கூடத்துலேயே அப்படித்தான்."

டோம்கே அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொன்னீங்க மாஸ்டர்?"

"கூட்டிக்கோன்னேன். ஆனா அவன் சொன்ன சம்பளம் பத்தாது. உன் கைவேலைக்கு அது கூலியா? அரை மணி நேரம் சண்டை போட்டு ஏத்தி வச்சிருக்கேன். அதுக்குக் கீழே ஒரு யூரோ கம்மியா நீ வாங்கினதா கேள்விப்பட்டேன், அங்கேயே வந்து உதைப்பேன்."

டோம்கே இன்சாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இன்சாவும்தான் அழுதாள், மறைக்கவில்லை. படகு போய், பாலம் இறங்கியது. பின்னால் வந்த காரோட்டி ஹாரன் அடித்தான், மறுபடியும் அடித்தான்.

ஹப்போ சாவியைத் திருப்பவில்லை. கதவைத் திறந்து இறங்கினான்.

"நீ ஓட்டு இன்சா" என்றான். "எனக்கு ரோடு சரியாத் தெரியல."