கோழைக்குக் கொதிக்காத கிடாரம்

நீங்க நம்ப மாட்டீங்க, தெரியும். நானே நம்பாத ஆளுதாங்க. தாயத்து, தகடு, மந்திரிச்ச சாமான்னு எவனாச்சும் ஆரம்பிச்சா, போயி அடுப்புக்கு வெறகு எடுத்துப் போடுடான்னு சொல்லிருவேன். மீமிசல்ல நாப்பது வருசம் கல்யாணச் சோறு ஆக்குனவன் நான், எனக்குத் தெரிஞ்சது அரிசியும் தண்ணியுந்தான்.

எங்க வாப்பா கொழும்புலருந்து தோணியில கொண்டாந்த செம்புக் கிடாரம் ஒண்ணு இருக்கு, ஒரு கல்யாணத்துக்கே சோறு ஆக்கலாம். ஒருக்கா ஆவூர் மாதாகோயிலுக்கு வந்திருந்த அயர்லாந்து சாமியாரு ஒருத்தரு, ஒரு வாத்தியாரோட கடல் பாக்க இங்கிட்டு வந்தாரு. கிடாரத்தைத் தட்டிப் பாத்துச் சிரிச்சாரு. அவுங்க பக்கத்துப் பழங்கதையில இப்படி ஒண்ணு உண்டாம், எத்தன பேரு வந்தாலும் பசியோட அனுப்பாதாம், ஆனா கோழை ஒலை வச்சாக் கொதிக்கவே கொதிக்காதாம். வாத்தியாரு தமிழ்ல சொல்லச் சொல்ல நானும் சிரிச்சேன். தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டு மறந்தே போனேன்.

அறுவதாம் வருசத்துக்குப் பக்கம் என் மக கல்யாணம். கரண்டிய அடுத்தவன் கையில குடுப்பேனா, நானே ஆக்குனேன். சஹன்னு பெரிய தட்டுல மூணு பேரு சேந்து சாப்புடுறது எங்க வழக்கம். அந்தக் கிடாரத்துக் கறிச்சோறு எழுவது சஹன் வரும், கூடவும் வராது, கொறையவும் கொறையாது. ஒரு சஹன் போனா ஒரு புளியங்கொட்டைய மடியில போட்டுக்குவேன்.

அன்னைக்குன்னு பாத்து மழை கொட்டி ரோட்டை அறுத்துருச்சு. ஆவுடையார்கோவில் சந்தைக்குப் போன ரெண்டு பஸ்ஸு சனமும் நடந்து வந்து எங்க பந்தலோரம் ஒதுங்கிருச்சு. மாப்பிள்ளை வீட்டுலயே இன்னும் பாதிப் பேரு உக்காரலை. என் மச்சான், அதாவது பொண்டாட்டியோட அண்ணன், காதுக்கிட்ட வந்து சொன்னாரு.

"வாசல அடைச்சிருவோம் மச்சான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்தலேன்னா, புள்ள காலத்துக்கும் பேச்சு வாங்கும்."

நியாயந்தான். மடியில அறுவது கொட்டைக்கு மேல கெடக்கு. இன்னும் பத்து சஹன் கூட வராது, பயந்தான், பொய் சொல்லலை. ஆனா ஒரு பொம்பளை இடுப்புல புள்ளையோட வாசல்ல நிக்கிது, சோத்து வாசம் அடிக்கிது, உள்ள வரக் கூசுது.

"எல்லாரையும் உக்கார வைங்க மச்சான். வர்றது வரட்டும்"னேன்.

அள்ளுனேன். எழுவது ஆச்சு, எம்பது ஆச்சு, நூறும் ஆச்சு. நம்புனா நம்புங்க, கொண்டாந்த கொட்டை தீந்துபோச்சு, சோறு தீரலை. மாப்பிள்ளையோட வாப்பா எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சவரு விடவே இல்லை. அன்னைக்கு நான் பந்தல்ல நடந்த நடைய நீங்க பாத்திருக்கணும்.

மறுவருசம் மச்சான் தன் மகன் கல்யாணத்துக்கு அதே கிடாரத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. மொதக் கொடம் தண்ணிய கல்யாண வீட்டுக்காரரு ஊத்தி அவரே தீ மூட்டணும், அதுவும் எங்க வழக்கம். மச்சான் ஊத்துனாரு, மூட்டுனாரு. ஒரு வண்டி வெறகு எரிஞ்சு போச்சு. நானே கைய விட்டுப் பாத்தேன், கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. வேற அண்டா வச்சு ஆக்கிக் குடுத்தேன். சாமியாரு சொன்னதை இன்னைக்கு வரைக்கும் மச்சான்கிட்ட சொல்லலை, பாவம்.

கிடாரம் இப்பவும் எங்க வீட்டுல இருக்கு. மாசம் ஒருக்கா புளி போட்டு வெளக்கி, வர்றவங்களுக்கெல்லாம் பெருமையாக் காட்டுவேன். ஆனா அதுக்கப்புறம் நான் அதுல ஒலை வைக்கலை. வயசாயிருச்சுங்க, நெஞ்சு முன்ன மாதிரி இல்லை. வச்சு, கொதிக்காமப் போயிருச்சுன்னா?