காய்ந்த போருக்குள் ஒரு சிவப்பு ஒயின்

என் வீட்டுக்காரருக்கு எதையும் வந்த கையோடு அனுபவிக்கத் தெரியாது. புது வேட்டி பீரோவிலேயே பழுப்பேறும். சோபா வாங்கி எத்தனையோ வருஷமாகியும் அதன் பிளாஸ்டிக் உறையின் மேல்தான் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருக்கிறோம். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பாதி வீடுகளைப் போல எங்கள் வீடும் போர்வெல் போடும் ரிக் லாரியால் வளர்ந்த வீடு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போர் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். எப்ப வாரீங்க என்று போனில் கேட்டால், "இந்த சீசன் முடியட்டும் அம்மிணி" என்பார். ஒரு சீசன் முடிந்தால் அடுத்தது தொடங்கிவிடும். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஈரோட்டில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் ரிக்கை விற்றார்.

அந்தக் கோடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து மகளும் மருமகனும் பேத்தியோடு வந்தார்கள். மருமகன் பெட்டியைத் திறந்து துண்டுக்குள் சுற்றியிருந்த ஒரு பாட்டிலை எடுத்தார். சிவப்பு ஒயின். பேத்தி பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்தது.

"வெச்சிருந்தா வருஷத்துக்கு வருஷம் வெலை ஏறுமுங்க மாமா. இல்லீன்னா உங்க கல்யாண நாளுக்கு நீங்களும் அத்தையும் ஆளுக்கொரு வாய் குடிங்க" என்றார். ஒரு வாய்க்குத் தப்பில்லை என்று மகள் டாக்டரிடமும் கேட்டு வைத்திருந்தாள்.

என்னவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. எப்படி வைக்க வேண்டும் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். வெயில் படக்கூடாது, சூடு ஆகாது, ஆட்டக்கூடாது, லேபிள் கிழியக்கூடாது, கார்க் காயாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். பிரிட்ஜில் வையுங்கள் என்றேன். "மோட்டார் ஓடறப்ப அது ஆடுது" என்றார். கட்டிலுக்கடியில் என்றேன். இந்த வெயிலுக்குக் கட்டிலே வெந்துபோகும் என்றார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்ந்த போர். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் சொந்தத் தோட்டத்தில் போட்ட போர் அது. வெறும் புழுதிதான் பறந்தது. அன்றிலிருந்து அதற்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் பேசினால் மூஞ்சி சுண்டிவிடும்.

"பூமிக்குள்ள எப்பவும் ஒரே குளிர்ச்சி. ஆடாது, அசையாது" என்றவர், பாட்டிலைச் சாக்கில் சுற்றி, நைலான் கயிற்றில் தலைகீழாகக் கட்டினார்.

"படுக்க வெக்கச் சொன்னாங்க, நீங்க தூக்குல போடறீங்களே!"

"தலைகீழா இருந்தா கார்க்கு நனைஞ்சேதான் இருக்கும். உனக்கென்ன தெரியும், கம்முனு இரு" என்று கயிற்றை இறக்கினார். பேத்தி கை தட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒயினுக்கு நான் ஏங்கவில்லை. இந்த மனுசன் ஒரு நல்ல பொருளை என்னோடு உட்கார்ந்து, நாளைக்கென்று எடுத்து வைக்காமல், ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியதெல்லாம் அதுதான். இனி எத்தனை சீசன் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

அவர்கள் ஊருக்குப் போனார்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் மழை விடாமல் அடித்தது. தை மாதம் எங்கள் கல்யாண நாளன்று மகள் போனில் கேட்டாள், "இன்னிக்காச்சும் தெறந்தீங்களாம்மா?" அவர் குறுக்கே விழுந்து, "இன்னும் வெலை ஏறோணும் சாமி" என்றார். எனக்கு வந்ததே கோபம்! சாவியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தேன்.

கயிற்றை நானே இழுத்தேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார். மேலே வந்த சாக்கு கனத்தது. பிரித்தால் மொட்டையாய் ஒரு பச்சைப் பாட்டில், உள்ளே ஒயின் அப்படியே. லேபிள் ஊறிக் கூழாகிச் சாக்கில் ஒட்டிக்கிடந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லேபிள் போச்சு, வெலையும் போச்சு. இனியாச்சும் குடிச்சுத் தொலைக்கலாமுங்களா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "விக்கறதுக்குன்னா நெனச்சே? பாப்பா கல்யாணத்துக்கு நான் இருக்கறனோ என்னமோ. தாத்தன் பங்குக்கு அன்னிக்கு இதாவது இருக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றார்.

நான் பயந்த அதே பயத்தை இந்த மனுசனும் பாட்டிலோடு சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கியிருக்கிறார். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. பேச்சை மாற்றுவதற்காக, "சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு" என்று முந்தானையைப் பிழிந்தேன்.

அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். "காஞ்ச போருக்குள்ள ஏது ஈரம்?"

கயிற்றைத் தடவினார். அவருடைய கைக்குக் கயிறு எங்கிருந்து நனைந்திருக்கிறதென்று கண்ணில்லாமலே தெரியும். ஒரு கல்லைப் பொறுக்கிக் குழிக்குள் போட்டார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ப்ளக் என்றது.

"தண்ணி, அம்மிணி! நம்ம போருல தண்ணி!" இன்னொரு கல்லைப் போட்டார். பிறகு இன்னொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவராகவே போய்க் கட்டிங் பிளேயரும் ஒரு நீளத் திருகாணியும் கொண்டுவந்தார். கார்க்கில் திருகாணியை முறுக்கி, காலிடுக்கில் பாட்டிலை இடுக்கிக்கொண்டு, துருப்பிடித்த போல்ட்டைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தார். எவர்சில்வர் டம்ளரில் எனக்கு நிறைய, அவருக்கு அடியில் ஒட்டினாற்போல ஊற்றினார். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி துவர்த்தது. "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு வாய் குடித்தேன்.

பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பழக்கதோஷம், என் கை தன்னால் கார்க்கை எடுத்து மூடப்போனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவுக்குப் போருல தண்ணி இருக்குது அம்மிணி" என்றார். "இது நமக்கு."